எழுத்தில்லாத படங்கள்

சின்னவளுக்குக் கூரை என்றாலே பயம். மற்ற பிள்ளைகள் பாம்புக்கும் இருட்டுக்கும் பயந்த வயதில், இவள் பாயில் மல்லாந்து படுத்தபடி, "அக்கா, இது எப்படி விழாம நிக்குது?" என்று கேட்பாள். "விழுந்தா சொல்றேன், தூங்கு" என்பாள் பெரியவள். அதற்குப் பிறகு இவளுக்கு எங்கே தூக்கம் வரும்?

அந்த வீட்டில் பிள்ளைகள் இவர்கள் இரண்டு பேர்தான். பெரியவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். சின்னவள் படித்து, வீடுகளுக்குப் பிளான் போடும் அலுவலகத்தில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தாள். கூரையைக் கண்டு நடுங்குகிறவள் கூரை வரையப் போனாளே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு விவரம் போதாது. ஆடுகிற பல்லைத்தானே நாக்கு போய்ப் போய்த் தொடும்? சின்னவள் தன் பயத்தை அப்படித்தான் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான் புத்தகம். அட்டையில் அச்சான நீளமான தலைப்பு யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அது "வீட்டுப் புத்தகம்". கொத்தனார், தச்சர், சொந்தமாக வீடு கட்டத் துணிந்தவர் என்று ஒருவர் விடாமல் வைத்திருந்தார்கள். சிமென்ட் கடை மேசையில் ஒரு பிரதி கயிறு கட்டித் தொங்கும். கட்டாவிட்டால் காணாமல் போய்விடும். இரவல் கொடுத்தவர் வீட்டுக்கு இரண்டு முறை அலைந்தாலும் திரும்பி வராத புத்தகம் என்று பெயர் எடுத்திருந்தது. பக்கங்களில் சுண்ணாம்பு விரல்கள் பதிந்திருக்கும், முதுகில் துணி ஒட்டியிருக்கும். பெரியவளே தன் கையால் பல பிரதிகளுக்குத் துணி ஒட்டிக் கொடுத்திருக்கிறாள்.

புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு பக்கமும் ஒரு பயம். மாடிப்படியில் ஒரு படி மட்டும் உயரம் மாறினால் கால் எப்படி ஏமாறும் என்ற பயம் ஒரு பக்கம். குழாய்க்குப் பக்கத்தில் சுவிட்சு வைத்தால் என்ன ஆகும் என்ற பயம் இன்னொரு பக்கம். குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே மயங்கி விழுந்தவரே கதவை அடைத்துக்கொள்வார், வெளியிலிருந்து திறக்க முடியாது. அதற்கும் ஒரு படம். வேறு யாருக்கும் தோன்றாததெல்லாம் அவளுக்குத் தோன்றும். தோன்றியதை வரைந்துவிட்டால் அன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

படங்களில் ஓர் எழுத்துகூட இருக்காது. ஆரம்பத்தில் ஒரு கொத்தனார் அவளிடம், "அம்மா, எழுத்தெல்லாம் உங்களுக்கு. எனக்குப் படத்தை மட்டும் காட்டுங்க, கட்டிக் காட்டுறேன்" என்று சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அன்றிலிருந்து அவள் படத்துக்குள் பெயர், அளவு, அம்புக்குறி எதுவும் வைக்கவில்லை. சுவரைச் சுவராகவும் கம்பியைக் கம்பியாகவும் பார்த்தவுடனே தெரிகிற மாதிரி வரைந்தாள். விளக்கமெல்லாம் எதிர்ப்பக்கத்தில். படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும், தெரியாதவர் பார்க்கட்டும் என்பது அவள் எண்ணம். அந்தப் புத்தகத்தின் அழகே அதுதான் என்று பெரியவள் வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்வாள்.

முதல் பதிப்பு தீர்ந்தது. வேறொரு அச்சகம் இரண்டாம் பதிப்பைப் போட்டது. பிழை பார்க்கத் தாள்கள் வந்தபோது, சின்னவள் ஒவ்வொரு வரியின் அடியிலும் அளவுகோலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தாள். ஒற்றுப் பிழை ஒன்றைக்கூட விடவில்லை. படங்கள் வந்த பக்கங்களை மட்டும் புரட்டிக்கொண்டே போனாள். தான் வரைந்ததைத் தானே என்ன பார்ப்பது?

புதுப் பதிப்பின் முதல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கையெழுத்துப் போட்டு, பக்கம் மேஸ்திரிக்குக் கொடுத்தாள்.

பக்கம் மேஸ்திரி என்பது ஊர் வைத்த பெயர். பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் கட்டட வேலைக்கு மாறி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது. எதைக் கேட்டாலும் வீட்டுப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். "சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட, இருங்க, பக்கம் பார்த்துச் சொல்றேம்பான்" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான். பெரியவள் தன் தையல் கடைக்கு மேலே மாடி எடுக்க முடிவு செய்தபோது, வேலையை அவரிடம்தான் கொடுத்தாள். கடைவாசலுக்கு மேலே தெருப் பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை.

பால்கனிக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்ட வாரம் சின்னவள் காய்ச்சலில் கிடந்தாள். அதனால் வேலை நடந்த இடத்துக்கு அவள் போகவில்லை. அவள் வராததில் அத்தானுக்கு, அதாவது பெரியவளின் கணவருக்கு, உள்ளுக்குள் நிம்மதி. அவள் வந்தால் வேலை நின்றுவிடும் என்பது அவருடைய குறை.

சில வாரம் கழித்து ஒரு காலை, காய்ச்சல் தேறிய சின்னவள் தன் வீட்டு மேசையில் ஒரு டீச்சருடன் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தன் அம்மாவுக்கு முழங்கால் வலிக்காத மாதிரி ஒரு மாடிப்படி வேண்டும் என்று வந்திருந்தார். சின்னவள் புதுப் பதிப்பை எடுத்து மாடிப்படிப் பக்கத்தைத் தேடினாள். தேடும்போது பால்கனிப் படம் கண்ணில் பட்டு நழுவியது. இரண்டு பக்கம் தள்ளிப் போன பிறகு கை நின்றது.

படத்தில் சுவர் வலது பக்கம் இருந்தது.

அவள் சுவரை வலது பக்கம் வரையவே மாட்டாள். இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் நீட்டுவதுதான் அவள் கைப்பழக்கம். திரும்ப அந்தப் பக்கத்துக்கு வந்தாள். சுவர் வலது பக்கம். பால்கனி இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள், அடியை ஒட்டிக் கம்பி ஓடியது.

அச்சகத்தில் யாரோ படத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்து இருந்திருந்தாலும் அது குப்புற விழுந்து காட்டிக் கொடுத்திருக்கும். எழுத்தே இல்லாத படம் எந்தப் பக்கம் திருப்பினாலும் படமாகத்தான் தெரிந்தது.

"என்னம்மா, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றார் டீச்சர்.

சின்னவள் மேசையிலிருந்த அழிரப்பரை எடுத்து, ஒரு முனையைக் கெட்டியாகப் பிடித்து, மறுமுனையை விரலால் கீழே அழுத்தினாள். ரப்பரின் மேல்பக்கம் விரிந்து, சின்னதாக ஒரு வெடிப்பு விட்டது.

"பால்கனியும் இப்படித்தான் டீச்சர். ஒரு பக்கம்தான் பிடிமானம். மேல்பக்கம் கிழியப் பார்க்கும். கிழியாம பிடிச்சுக்கத்தான் மேல கம்பி போடுறது. இதுல கீழ இருக்கு. கீழ இருந்தா கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான்."

"சரி, அச்சுப் பிழை. அடுத்த தடவை திருத்திக்கலாமே?"

"எங்க அக்கா வீட்டுல இதைப் பார்த்துத்தான் போட்டிருக்காங்க. இன்னிக்கு முட்டு எடுக்கிறாங்க."

கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கிப் பிடிக்கிற கட்டைகள்தான் முட்டு. அவற்றை எடுத்துவிட்டால் பால்கனி தன் பலத்தில் நிற்க வேண்டும்.

அக்காவுக்குப் போன் அடித்தாள். அத்தான்தான் எடுத்தார். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தமும், அதற்கும் மேலே சுத்தியல் சத்தமும் கேட்டன.

"அக்கா எங்க அத்தான்?"

"வாசல்ல மிஷின் போட்டு உக்காந்திருக்கா. காதுல விழாது. என்ன?"

"முட்டு எடுக்க வேண்டாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. உடனே சொல்லுங்க."

அத்தான் சிரித்தார். "ஆரம்பிச்சுட்டியா? அஸ்திவாரம் தோண்டினப்பவும் வேண்டாம்னே. ஜன்னல் வெச்சப்பவும் வேண்டாம்னே. உன் பேச்சைக் கேட்டா நாங்க மரத்தடியிலதான் குடியிருக்கணும். அங்கயும் வந்து மரம் விழும்னு சொல்லுவே."

"அத்தான், இது அப்படி இல்ல. புத்தகத்துல படம் தப்பா..."

"வெளி வரிசை எடுத்தாச்சு, கும்முனு நிக்குது. நான் மேல ஏறி ஒரு பார்வை பார்த்துட்டு வரேன்." போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். யாரும் எடுக்கவில்லை.

அத்தானைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளின் குரலில் உண்மையான ஆபத்தை எப்படிப் பிரித்து அறிவது? எத்தனையோ தடவை வீணாகக் கத்திவிட்டோமே என்று சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

டீச்சர் ஏற்கனவே ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்திருந்தார். "வாங்க. வழியை மட்டும் சொல்லுங்க."

அந்தத் தெருக்களில் அவள் ஆயிரம் தடவை நடந்திருப்பாள். அன்றுதான் அவற்றில் இத்தனை பால்கனி இருப்பதைப் பார்த்தாள். ஒன்றில் துணி காய்ந்தது. ஒன்றில் ஒரு கிழவர் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பூச்சு காயாத புது வீடு ஒன்றில் இரண்டு பெண்கள் வெளியே சாய்ந்து கீழே நின்ற கீரைக்காரியிடம் பேரம் பேசினார்கள். சின்னவள் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தாள். எது பழையது, எது போன மாசம் கட்டியது? எது என்னுடைய பழைய பக்கம், எது புதுப் பக்கம்? தெருவே தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

"கண்ணை மூடிக்கோங்க" என்றார் டீச்சர், முன்னால் பார்த்தபடியே. "நீங்க நடுங்குறதுல வண்டி ஆடுது."

கடை வாசலில் பெரியவள் வெளிச்சத்துக்காக மிஷினை நிலைப்படிக்கு வெளியே இழுத்துப் போட்டு, நேராகப் பால்கனிக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். துணி கொடுக்க வந்த ஒருத்தி பக்கத்தில் நின்றாள். பால்கனியின் வெளி ஓரத்தில் ஒரு முட்டுகூட இல்லை. நடுவில் மட்டும் இரண்டு நின்றன. அதில் ஒன்றின் அடியிலிருந்த ஆப்பைத் தட்ட, பக்கம் மேஸ்திரி சுத்தியலை ஓங்கியிருந்தார். மேலே, கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பாத வெறும் பால்கனியின் விளிம்பில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அத்தான் நின்றிருந்தார்.

கத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். திடுக்கிட்டு அவர் குதித்தால் அந்தக் குதியே போதும்.

"மேஸ்திரி, கையை இறக்குங்க." அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, சுத்தியல் இறங்கியது. "அக்கா, எழுந்திரு. அவங்களையும் கூட்டிக்கிட்டுத் தெருவுக்கு வா. ஊசி, துணி எதையும் எடுக்காதே."

"என்னடி இது, வந்ததும் வராததுமா?"

"எழுந்திரு அக்கா."

பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து அந்த முகத்தில் எத்தனையோ பயத்தைப் பார்த்தவள். இது அதில் சேரவில்லை. எழுந்து, பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

"அத்தான், அங்கயே இருங்க. குதிக்காதீங்க, திரும்பாதீங்க. பின்னாடி ஒவ்வொரு அடியா வெச்சு ரூமுக்குள்ள போங்க."

"என்ன, நான் என்ன யானையா?" என்றார் அத்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை. தெருவிலிருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்து தன்னைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். பின்னால் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. காலடியில் ஏதோ 'டிக்' என்றது. உலர்ந்த குச்சி ஒடிகிற மாதிரி மெல்லிய சத்தம். மூன்றாவது அடியில் அவர் அறைக்குள் மறைந்தார்.

சின்னவள் அப்போது செய்ததைப் பெரியவள் வாழ்நாளில் மறக்க மாட்டாள். தொங்கும் விளக்குக்கு அடியில்கூட உட்காராத அந்தப் பெண், பால்கனிக்கு அடியில் போய், மேஸ்திரி தட்ட இருந்த முட்டுக் கட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஏதோ அவளுடைய பிடியில்தான் அது நிற்கிறது என்பதுபோல.

"முதல்ல வெளி ஓரத்துல முட்டுக் கொடுங்க, மேஸ்திரி. அப்புறம் பேசலாம்."

"ஏன் அக்கா?" என்றார் மேஸ்திரி அவளிடம். "எல்லாம் புத்தகப்படிதான். வெளியிலேருந்து உள்ள எடுத்துக்கிட்டு வரணும்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"கம்பி எங்க இருக்கு?"

"அடியில. படத்துல உள்ளபடி."

"எந்தப் புத்தகம்?"

மேஸ்திரி சந்தேகத்தோடு பார்த்தார். "நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே, அதுதான். கம்பி கட்டுறவன்கூட என்னோட சண்டைக்கு வந்தான், மேலதான் போடணும்னு. புத்தகத்தை எடுத்து அவன் மூக்குக்கு நேரா காட்டினேன். வாயை மூடிக்கிட்டான்."

அவள் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சரியாகச் சொன்ன ஒருவனின் வாயையும் தன் புத்தகம்தான் அடைத்திருக்கிறது.

வெளி வரிசை முட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப நின்றன. ஆப்பு இறுகிய பிறகுதான் பெரியவள் போய் அவள் விரல்களைக் கட்டையிலிருந்து பிரித்தாள். மாடிக்குப் போய், அறைக்குள் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்கள். நடு முட்டுகள் நின்ற இடத்துக்கு நேர் மேலே, பால்கனியின் முதுகில் குறுக்காக ஒரு கோடு. கூராகச் சீவிய பென்சிலால் இழுத்த மாதிரி அவ்வளவு மெல்லியது. யார் பார்த்தாலும் அழுக்கு என்று துடைக்கப் போவார்கள்.

அப்போதும் சின்னவளுக்கு ஒரு நப்பாசை. மேஸ்திரி கை தவறி ஒரு கம்பியாவது மேலே போட்டிருக்கக் கூடாதா? அவரே சுவரோரமாக உட்கார்ந்து உளியால் கொத்தினார். மேலே இருந்தால் ஒரு விரல் ஆழத்தில் தட்டுப்பட வேண்டும். ஒரு விரல் ஆழம் போனது, வெறும் ஜல்லி. இரண்டு விரல் போனது, ஜல்லிதான். ஒவ்வொரு தட்டுக்கும் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இரும்புச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். அடி நெருங்கிய பிறகுதான் அது 'ணங்' என்றது. அந்த மனிதர் புத்தகத்திலிருந்து இம்மி பிசகவில்லை.

உளியைக் கீழே வைத்தார். "அக்கா, நான் தப்பே பண்ணலையே?" என்றார்.

"நீங்க பண்ணலை. என்னை நம்பினீங்க, அவ்வளவுதான்."

"அப்போ மத்த பக்கமெல்லாம்?"

சின்னவள் அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். அறைத் தரையில் உட்கார்ந்து, முதல் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள். அத்தான், யாரும் சொல்லாமலே, ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். "இனிமே நீ வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றார். கடைசிப் பக்கம் வரை பார்த்து முடித்தாள். வேறு படம் எதுவும் மாறவில்லை. ஆனால் பார்த்து முடித்தவுடன், சரியாகப் பார்த்தோமா என்ற பயத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

பால்கனியை இடித்தார்கள். பல வருஷத்து ஆசை துண்டு துண்டாகக் கீழே வந்தபோது பெரியவளுக்கும் வலித்தது. ஆனால் அவள் மிஷின் போட்டிருந்த இடத்தில் அந்தத் துண்டுகள் விழுந்து குவிந்ததைப் பார்த்தவளுக்கு, வாய் திறந்து குறைப்பட மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு சின்னவள் அலைந்த அலைச்சல் சொல்லி மாளாது. அச்சகத்தில் மிச்சமிருந்த கட்டுகளை நிறுத்தினாள். கடை கடையாக ஏறி, கயிற்றில் தொங்கிய பிரதிகளில்கூடச் சரியான படத்தை ஒட்டினாள். பக்கம் மேஸ்திரி தன் சைக்கிளில் பசையையும் படங்களையும் வைத்துக்கொண்டு, வேலை நடக்கிற ஒவ்வோர் இடமாகப் போனார். "இவ்வளவு நாள் பக்கத்தைச் சொன்னே, இப்போ பக்கத்தை ஒட்டுறியா?" என்று சிரித்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. இரண்டு வீடுகளில் கான்கிரீட் போடும் முன்பே பிடித்துவிட்டார்கள். வெளியூருக்குப் போன பிரதிகள் எத்தனை, யார் கையில் இருக்கின்றன என்பது மட்டும் தெரியவில்லை. பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தாள். கொஞ்சம் பேர் கேட்டு எழுதினார்கள். எழுதாதவர்கள் யார்? அந்தக் கேள்விக்குப் பசை இல்லை.

மூன்றாம் பதிப்பு வந்தபோது, எல்லாரும் படத்துக்குள் எழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் சம்மதிக்கவில்லை. படிக்கத் தெரியாதவரைக் கைவிட அவளுக்கு மனமில்லை. யோசித்து யோசித்து, ஒவ்வொரு படத்தின் உச்சியிலும் ஒரு சின்னக் காக்கையை உட்கார வைத்தாள். சுவர் மேல், படி மேல், பால்கனி மேல், எங்கும் ஒரு காக்கை. பிழை பார்க்கும் தாள் வந்தவுடன், எழுத்தைத் தொடாமல், முதலில் தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். காக்கை வவ்வால் மாதிரி தொங்கியது. "இதை யாரும் தப்பா வைக்க மாட்டாங்க" என்றாள் பெரியவள். சின்னவள் தலையாட்டினாள். ஆனாலும் கடைசித் தாள் வரை ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள்.

பெரியவளின் பால்கனி மறுபடி எழும்பிவிட்டது. கான்கிரீட் போடும் முன்பு கம்பிகளை ஒவ்வொன்றாகச் சின்னவளே தொட்டுப் பார்த்தாள். அதில் இப்போது கைப்பிடிச் சுவர் இருக்கிறது, ஒரு நாற்காலி இருக்கிறது. அத்தான் அங்கேதான் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். இருந்தும், கடைக்கு வருகிறபோதெல்லாம் சின்னவள் எதிர்ச் சாரியிலேயே நின்றுவிடுகிறாள். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, பால்கனியின் ஓரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்க்கிறாள்.

"நிக்குதுடி, உள்ள வா" என்று மிஷினிலிருந்தபடியே பெரியவள் குரல் கொடுக்கிறாள்.

"இதைச் சொல்லலைக்கா, வெளியூர்ல நிக்கிறதை" என்கிறாள் சின்னவள், கண்ணை எடுக்காமல்.